மேட்டுத்தெரு பன்னிரண்டாம் எண் வீட்டில் அவர் குடியிருக்கவில்லை

என் மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அன்று காலை மேட்டுத்தெரு பன்னிரண்டாம் எண் வீட்டின் மாடியில் அறுபது பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து, அந்த எழுத்தாளரின் கதைகளை வாசிக்கச் செய்யப் போகிறாய். 'அவர் வாழ்ந்த இல்லம்' என்று செதுக்கிய கல்லை வாசலில் திறந்து வைக்கப் போகிறாய். நான் பயந்துபோய் இருக்கிறேன். அந்த மாடி தாங்காது. இதை உன்னிடம் போனில் இரண்டு முறை சொன்னேன், நீ கேட்கவில்லை. கேட்காததற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மாடியை விட்டால் வேறு இடமே இல்லை என்று நீ நினைப்பதற்குக் காரணமே நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் என் குரல் நடுங்கும். குரல் நடுங்கினால் நீ உடனே என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம். நானும் தேறிவிடுவேன், பாதி சொல்லி நிறுத்திவிடுவேன். எழுதினால் முழுவதும் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்பிய ஒரு மணி நேரத்தில் உன் வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழுவிலும் போடப் போகிறேன். நான் செய்த தவறை வகுப்பு முழுக்கப் பார்க்கச் செய்தேன். அதை உன் காதில் மட்டும் சொல்லித் திருத்த முடியாது.

உனக்குத் தெரிந்த தெருதான். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கோட்டைப் பக்கமிருந்து கடைவீதிக்கு இறங்கும் வழியில், தர்மபுரியின் பழைய தெருக்களில் ஒன்று மேட்டுத்தெரு. இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்தாறு வீடுகள். பாதிக்குமேல் இடித்துக் கட்டியாகிவிட்டது. நம் எழுத்தாளர் இளவயதில் அரசாங்க வேலையில் மாற்றலாகி வந்து, இந்தத் தெருவில் மூன்று வருஷம் வாடகைக்குக் குடியிருந்தார். அவருடைய முதல் கதைகள் இங்கே எழுதப்பட்டவை. இதுவரைக்கும் உண்மை. அவரே ஒரு முன்னுரையில் தெருவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். எந்த வீடு என்று சொல்லவில்லை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் தெருவில் விசாரித்திருந்தால், அவரைப் பார்த்தவர்கள் நாலு பேராவது கிடைத்திருப்பார்கள். நான் விசாரிக்கவில்லை.

நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஏழாம் வகுப்புப் பாடத்தில் அவருடைய கதை ஒன்று வந்தது. பள்ளியிலிருந்து அந்தத் தெருவுக்கு நடந்தால் பத்து நிமிஷம். பாடத்தைக் கண்ணால் பார்க்க வைத்தால் மனதில் நிற்கும் என்பது என் நம்பிக்கை. இன்றைக்கும் அதுதான் நம்பிக்கை. அதனால் நாற்பத்திரண்டு பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு போனேன். பங்குனி வெயில், மணி பதினொன்றரை இருக்கும். பாதி பேருக்குச் செருப்பு கிடையாது. ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்றுகொண்டு, "எந்த வூடு டீச்சர், எந்த வூடு டீச்சர்" என்று கேட்டார்கள். தெருவில் ஒரே ஒரு வீட்டின் முன்னால் புங்கமரம் இருந்தது. அதன் நிழல் நாற்பத்திரண்டு பேரும் நிற்கிற அளவுக்கு அகலமாக விழுந்திருந்தது. நான் கையை நீட்டி, "அதோ, அந்த வீடு" என்றேன். பிள்ளைகள் நிழலுக்கு ஓடினார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்த வீட்டில்தான் எழுத்தாளர் இருந்தார் என்பதற்கு வேறு ஆதாரம் எதுவும் என்னிடம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு முறை எனக்கு நடந்தது. கணக்கு ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் அவருடைய வகுப்பை நான் எடுத்தேன். பெருக்கலில் ஒரு இலக்கம் பிசகிவிட்டது. மணி அடித்த பிறகுதான் கவனித்தேன். பலகையைத் துடைக்க ஒரு நொடி போதும். ஆனால் நாற்பது நோட்டுகள் நாற்பது வீடுகளுக்குப் போய்விட்டன. மறுநாள் ஒவ்வொரு நோட்டாக வாங்கித் திருத்தினேன். ஒரு பெண் மட்டும் அன்றைக்கு வரவில்லை. பரீட்சையில் அவள் அந்தக் கணக்கை அதே பிசகோடு எழுதியிருந்தாள். அதைத் திருத்தும்போது சிவப்புப் பேனாவை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை தெரிந்தவள்தான் மேட்டுத்தெரு விஷயத்தில் ஒரு நோட்டைக்கூடத் திருப்பி வாங்கவில்லை. அடுத்த வருஷமும் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். இரண்டாவது முறை கையை நீட்டியபோது எனக்கே அது பொய்யாகத் தோன்றவில்லை. ஐந்தாறு வருஷத்தில் பள்ளி மலரில் அந்த வீட்டின் படம் வந்தது. அதைப் பார்த்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து எழுதினார். பிறகு யாராவது கேட்டால், பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே என்று நானே சொல்ல ஆரம்பித்தேன்.

நீ என் வகுப்புக்கு வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "டீச்சர், அவரு எந்த சன்னல் பக்கம் ஒக்காந்து எழுதுனாரு?" என்று கேட்டாய். மற்றப் பிள்ளைகள் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. என் பிள்ளை கேட்டுவிட்டான் என்ற பெருமையில், "மாடியில், கிழக்குப் பார்த்த ஜன்னல். காலை வெளிச்சத்தில்தான் எழுதுவாராம்" என்றேன். 'எழுதுவாராம்' என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. யாரோ எனக்குச் சொன்னது போல. அன்று சாயங்காலம் உன் மேசையை இழுத்துக் கிழக்கு ஜன்னல் ஓரம் போட்டுக்கொண்டாய். ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்த மேசையை இழுத்துப் போட்டதோடு முடிந்திருக்கும். நான் அப்பளம் பொரித்துக்கொண்டே பார்த்துச் சிரித்தேன்.

நீ பெங்களூரில் வேலைக்குப் போன பிறகும் அந்த வீட்டை விடவில்லை. மாதம் ஒரு ஞாயிறு ஆட்களைக் கூட்டி வந்து தெருவைச் சுற்றிக் காட்டினாய். சேலத்திலிருந்து அப்படி வந்தவள்தான் தை மாதம் நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறாள். கல்யாணப் பத்திரிகையின் முகப்பில் அந்த வீட்டைக் கோட்டுப் படமாக வரைந்து அச்சடித்திருக்கிறீர்கள். கட்டை அவிழ்த்து முதல் பத்திரிகையை என் கையில் கொடுத்தபோது எனக்கு வியர்த்ததை நீ சந்தோஷம் என்று நினைத்தாய். நான் சொல்லப் போவதால் உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதாவது வருமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. அந்தப் பெண் நல்லவள். நீங்கள் சந்தித்தது நிஜமான தெருவில், நிஜமான மரத்தடியில். அதில் நான் கலந்தது எதுவும் இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

இனிமேல் சொல்வதுதான் கஷ்டமானது. வீட்டுக்காரர் பச்சையப்பனை உனக்குத் தெரியும். நல்லம்பள்ளியில் விவசாயம் செய்கிறார். இரண்டு வருஷம் முன்பு அவர் அந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பார்த்தார். இடிக்கக் கூடாது என்று நீயும் உன் வட்டத்து நண்பர்களும் கையெழுத்து வாங்கினீர்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அன்று வாசலில் கூட்டம் கூடியிருந்தது. பச்சையப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"எல்லாரும் வந்திருக்கீங்க, சந்தோசங்க. நான் ஒண்ணு சொல்றன், கேளுங்க. எங்கப்பா சொல்லுவாரு, எங்க தாத்தா காலத்துல இது புளி மண்டிங்க. கீழயும் புளி மூட்ட, மேலயும் புளி மூட்ட. மனுசன் யாரும் இதுல குடியிருக்கல. எங்கப்பாதான் பின்னால அடுப்படி கட்டி வாடகைக்கி வுட்டாரு. அதுக்கு முன்னாடியே அந்த எழுத்தாளரு ஊர வுட்டுப் போயிட்டாருங்க."

"புளி மண்டியா? அதாங்க உங்க மொகம் எப்பவும் இப்பிடி இருக்குது" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. எங்க அண்ணன் புள்ளைங்க எல்லாம் உங்ககிட்ட படிச்சதுங்க. நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க."

அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறந்தேன். "வயசான காலத்துல உங்கப்பாவுக்கு ஞாபகம் மாறியிருக்கும்ங்க. முப்பது வருஷமா பிள்ளைங்கள கூட்டிட்டு வர்றேன். எனக்குத் தெரியாதா?" என்று சொன்னேன்.  அவர், "அப்போ சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னோடு வாதாடக்கூட இல்லை. நான் டீச்சர் என்பதால் என்னை நம்பினார், தன் அப்பாவை விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து அவர் அந்த வீட்டுக்கு ஒரு சட்டி சிமெண்ட்கூடப் போடவில்லை. இடிக்கவும் விடமாட்டார்கள், மாற்றவும் விடமாட்டார்கள், நான் எதற்கு அதில் கை வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். அவர் நினைத்தது நியாயம்தான்.

போன மாதம் ஐப்பசி மழை விடாமல் பெய்ததே, அது ஓய்ந்த பிறகு அந்த வீட்டில் கீழே குடியிருக்கும் மாதம்மாள் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். நீ அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாய். வாசலில் உட்கார்ந்து சாமந்தி கட்டி விற்கிறவள். அவள் கணவருக்குப் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒரு முறை வருவார். தாயும், ஒன்பதாவது படிக்கும் மகள் தேன்மொழியும் மட்டும்தான் வீட்டில். போனபோது கொத்தனார் முனியப்பனும் அங்கே இருந்தார். சமையலறைச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். அதன் குறுக்கே நோட்டுத்தாளைப் பட்டையாகக் கிழித்து மைதாப் பசையால் ஒட்டியிருந்தார்கள். கொத்தனார்கள் விரிசலைச் சோதிக்கிற முறை அது. தாள் அப்படியே இருந்தால் பழைய விரிசல், பயமில்லை. தாள் கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். ஒட்டி நாலாம் நாள் அந்தத் தாள் நடுவில் கிழிந்திருந்தது. தேன்மொழியின் கையெழுத்து இரண்டு துண்டாகப் பிரிந்து நின்றது.

"இது நின்னுபோன விரிசல் இல்லீங்க டீச்சர், நடக்குற விரிசல்" என்றார் முனியப்பன். மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். உத்திரத்தைக் கரையான் தின்று ஓட்டையாக்கி இருக்கிறது. கட்டை விரலால் அழுத்தினார், உள்ளே போனது. பிறகு கிழக்குச் சுவரைச் சுரண்டினார், வெள்ளையாக மாவு போல உதிர்ந்தது. அதில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "வெச்சிப் பாருங்க. உப்பு. இங்க புளி மூட்ட ஏதாச்சும் அடுக்கியிருந்தாங்களா? உப்பு போட்டு அமுக்கன புளிய வருசக்கணக்குல செவுத்தோரமா அடுக்குனா செவுரு இப்பிடித்தான் பொரிஞ்சி போவும்."

நான் நாக்கில் வைத்தேன். உப்புதான். நீ ஏழாவது படிக்கும்போது நான் காட்டிய அதே கிழக்கு ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். பச்சையப்பனின் அப்பா சொன்னது சரி. அந்தச் சுவரே சொல்கிறது.  தரை நடுங்குகிறதா என் கால் நடுங்குகிறதா என்று தெரியாமல் சுவரைப் பிடிக்கப் போனேன். "அத்தப் புடிக்காதீங்க டீச்சர்" என்றார் முனியப்பன்.

கீழே வந்து மாதம்மாளிடம், இன்றைக்கே வேறு வீடு பார் என்றேன். அவள் பூவைக் கட்டிக்கொண்டே சிரித்தாள். "அவ்ளோ பெரியவரு இருந்த வூடு டீச்சர், எங்கள கைவுட்டுருமா? நான் ஏழாவதுலயே நெனச்சது, ஒரு நாளாவது இந்த வூட்ல இருக்கணும்னு. நீங்கதான காட்டுனீங்க. மொத வருசம் வந்த செட்டு நானு."

அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. அன்றைக்கு ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்றவர்களில் அவளும் ஒருத்தி. எனக்கு அவள் முகம் அந்த வரிசையில் ஞாபகம் இல்லை. என் கை நீண்ட திசையில் ஒரு பெண் முப்பது வருஷம் நடந்து வந்து, விரிசல் விட்ட சுவருக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிறாள், பக்கத்தில் தன் மகளையும் படுக்க வைத்துக்கொண்டு. அதை உணர்ந்த நாளிலிருந்து தூரத்தில் லாரி போனால் அந்த அதிர்வு சுவரை எட்டுமோ என்று காது கொடுத்துக் கேட்கிறேன். மேகம் கறுத்தால் மாதம்மாளுக்குப் போன் செய்து, சும்மா கேட்டேன் என்கிறேன்.

உனக்கு நான் போன் செய்தது அதற்கு அப்புறம்தான். "பயப்படாதம்மா, இன்ஜினியர் ஃப்ரெண்டு பார்த்துட்டான். ரெண்டு எடத்துல முட்டுக் குடுத்துட்டா போதும்னான். அவரு எழுதுன ரூம்ல படிக்காம வேற எங்கம்மா படிக்கறது?" என்றாய். உன் நண்பன் எப்போது பார்த்தான்? மழைக்கு முன்னாலா, பின்னாலா? நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. இரண்டாவது முறையும் அதையேதான் சொன்னாய். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'அவர் எழுதின ரூம்' என்று உன் குரல் குழைந்ததைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டேன். மேல்சுவர் ஈரம், கரையான் என்று என்னென்னமோ சொன்னேன். முக்கியமானதை மட்டும் விட்டுவிட்டேன்.

முதலில் உன் அப்பாவிடம் சொன்னேன். நேற்றுக் காலை காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப முப்பத்து மூணு வருசமா ஒரு புங்க மரத்துக்காக ஊரையே நிக்க வெச்சிருக்கிற. பலே டீச்சரம்மா" என்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டாமல் கிண்டல் செய்தது அதைவிட வலித்தது. அப்புறம் காபியைக் கீழே வைத்துவிட்டு, சித்தேரி பஸ் கதையை ஆரம்பித்தார். உனக்கு அது சரியாகத் தெரிந்திருக்காது, அப்போது நீ கைக்குழந்தை.

அவர் அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் பஸ் ஓட்டிய காலம். ஒரு நாள் இறக்கத்தில் பிரேக் சற்று ஆழமாக இறங்குவது போல அவருக்குத் தோன்றியது. தோன்றியதுதான், நிச்சயம் இல்லை. வண்டியை ஓரங்கட்டி எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார். சாமை மூட்டையும் தேன் டப்பாவுமாக அத்தனை பேரும் வெயிலில் நடந்தார்கள். "பொண்டாட்டிகூட சண்டையா டிரைவரே? அந்தக் கோவத்த எங்கமேல காட்டற" என்று ஒரு கிழவர் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாராம். டிப்போவில் பார்த்தால் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. ஒரு மாதம் எல்லோரும் கேலி செய்தார்கள். "உனக்கு வெக்கமா இல்லியான்னு கேட்டாங்க. இருந்துச்சுதான். ஆனா வெக்கத்துல எவனும் சாவல பாரு" என்றார் உன் அப்பா. சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். அது ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

மகனே, நான் உனக்குப் புத்தி சொல்லும் தகுதியில் இப்போது இல்லை. ஆனாலும் சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும், நீ பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு. அதைச் சொல்லும்போது பிள்ளையின் முகம் ஒரு கணம் வாடும், உன் மதிப்பு குறைந்தது போல இருக்கும். அந்த ஒரு கணத்தைத் தாங்கிக்கொள். நான் தாங்கவில்லை. பொய் சொல்லிப் பணம் பறித்தவள் இல்லை நான், யாரையும் கெடுக்க நினைத்தவள் இல்லை. பிள்ளைகள் வெயிலில் நிற்கக் கூடாது என்ற அன்பில்தான் அது தொடங்கியது. அன்பில் தொடங்கியதாலேயே அதை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் மனசாவது உறுத்தியிருக்கும்.

நேற்று மதியம் மாதம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவள் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, மரம், நிழல், புளி மண்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு முழம் கட்டி முடித்து நறுக்கி வைத்த பிறகுதான் பேசினாள்.

"நெழலுக்காவ நில்லுங்கன்னு சொல்லியிருந்தா நாங்க நின்னிருக்க மாட்டமா டீச்சர்?"

அவ்வளவுதான் கேட்டாள். முப்பத்து மூன்று வருஷத்தில் எனக்கு ஒருமுறைகூட இந்த எளிய யோசனை வரவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கே நம் வீட்டுக்கு வந்துவிடு, முன்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன் என்று கெஞ்சினேன். அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம ஆவட்டுங்க. தேன்மொழிதான் மொத கத படிக்கறா. உங்க பையன் வூட்டுக்கே வந்து பேரு சொல்லிட்டுப் போயிருக்காரு. இத்தன நாளா சத்தம் போட்டுப் படிச்சிப் பழகிக்கிட்டிருக்கா. இப்ப நாங்க வூட்டக் காலி பண்ணிட்டா அது நல்லாவா இருக்கும்? விழா முடிஞ்ச கையோட வந்தர்றோம்."

அதாவது விழா நடக்கும்வரை அவர்கள் அந்தச் சுவருக்கு அடியில்தான் இருப்பார்கள். விழாவை நிறுத்தக்கூடியவன் நீ ஒருவன்தான். பள்ளிக்கும் போனேன். இப்போதிருக்கும் தலைமை ஆசிரியை என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்து, மரியாதையாகத்தான் கேட்டார். சுவர் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா அழைப்பிதழ் அடிச்சாச்சு, மேலதிகாரிங்க வர்றாங்க. இன்ஜினியர் பார்த்தாச்சுன்னு உங்க பையன் எழுதியே குடுத்திருக்காரு. அவரு வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா இப்பவே பிள்ளைங்கள நிறுத்திடறேன்" என்றார். அவர்மேல் தப்பில்லை. டீச்சராகிய நான் காட்டிய வீட்டை நம்பி நீ எழுதினாய், நீ எழுதியதை நம்பி அவர் இருக்கிறார். பச்சையப்பனுக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "எங்கப்பா உசுரோட இருந்தப்பவே சொல்லியிருக்கலாங்க டீச்சர்" என்றார். முட்டுக் கொடுக்க நாளைக்கு ஆள் அனுப்புகிறார். அது மாதம்மாளின் தலைக்குமேல் இருக்கும் பாரத்தைக் கொஞ்சம் தாங்கலாம். மாடியில் அறுபது பிள்ளைகளைத் தாங்காது.

வாசிப்பை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் அப்பா ஒரு யோசனை சொன்னார். "தெருவுல ஒக்காந்து படிச்சா என்னா? வண்டிங்க சுத்திக்கிட்டுப் போவட்டும். நான் ரெண்டு பக்கமும் கட்டையப் போட்டு நின்னுக்கறன்." நினைத்துப் பார்த்தேன், அதில் தப்பே இல்லை. எழுத்தாளர் இந்தத் தெருவில் வாழ்ந்தார். இருபத்தாறில் ஏதோ ஒரு கதவைத் திறந்துகொண்டு தினமும் ஆபீஸுக்குப் போனார். அந்த வீடு இடிந்து இப்போது செல்போன் கடையாகக்கூட இருக்கலாம். தேன்மொழி நடுத்தெருவில் நின்று படித்தால் அந்தச் சத்தம் இருபத்தாறு வாசலுக்கும் கேட்கும். கல்லை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதில் செதுக்கியது பொய். வேறு கல் செய்யும் செலவை நான் ஏற்கிறேன் என்று சொல்லி உன் கோபத்தைச் சின்னதாக்க மாட்டேன்.

நீ கோபப்படுவாய், எனக்குத் தெரியும். உன் நண்பர்கள் முன்னால் தலைகுனிவாக இருக்கும். என் வார்த்தையை வைத்து நீ பத்து வருஷம் ஊரை அழைத்துக் கதை சொன்னாய். உன் கல்யாண மேடையில் என் பக்கத்தில் நிற்க உனக்குக் கசக்கலாம். அந்தப் பயம் எனக்கு இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். ஆனால் இந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அந்த மாடியின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது. இதை அனுப்பிவிட்டு நான் மேட்டுத்தெருவுக்குப் போகிறேன். விழா அங்கே இல்லை என்று நீ சொல்லிவிட்டாய் என்று சொன்னால்தான் மாதம்மாள் பாத்திரத்தைக் கட்டுவாள். நீ சொல்லாமல் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இன்னொரு பொய் என்னால் முடியாது. அதனால் அவள் பக்கத்திலேயே, அந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்து உன் வார்த்தைக்காகக் காத்திருப்பேன்.

இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. என்னைத் திட்ட வேண்டுமானால் அதற்கு நிறைய நாள் இருக்கிறது. முதலில் பள்ளிக்கூடத்துக்குப் பேசு. அடுத்து மாதம்மாளுக்கு.

அம்மா